ஐந்து டாலருக்கு விற்ற விவிலியம்

கழுவிச் சுருங்காத புதுத் துணியைப் பழைய ஆடைக்கு ஒட்டாகப் போட்டால் கிழிசல் இன்னும் பெரிதாகும் என்னும் உவமையை மத்தேயு, மாற்கு ஆகிய இரு நற்செய்தியாளரும் குறித்துவைத்துள்ளனர். ஒட்டுப் போடுதலின் இந்த நுணுக்கத்தை ஆண்டவர் எங்கே அறிந்திருப்பார்? நாசரேத்து வீட்டின் முற்றத்தில் விளக்கு வைக்கும் நேரத்திற்கு முன்பாக, தச்சரின் கிழிந்த மேலாடையைக் கையில் வைத்துக்கொண்டு அன்னை மரியா அமர்ந்திருந்த காட்சியைச் சிறுவன் இயேசு கண்டிருப்பார் என்று நாம் எண்ணிக்கொள்வதில் பிழையில்லை. ஏழை வீட்டுப் பிள்ளைக்குத்தான் ஒட்டுத் துணியின் இயல்பு தெரியும்.

நம் மொழியில் 'கந்தை' என்றொரு சொல் உண்டு. 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்று சிறுவயதில் நாம் அனைவரும் கேட்டு வளர்ந்தோம். ஒட்டுப் போட்ட துணியைக் குறிக்கும் 'கந்தா' என்னும் வடசொல்லின் வழிவந்தது அது. வங்கப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கி, ஓட்டத்தையல் இட்டுச் செய்யும் போர்வைக்குக் 'காந்தா' என்றே இன்றும் பெயர். நம் வீடுகளிலும் பாட்டிமார் நைந்த நூல்சேலைகளை நான்காய் மடித்துத் தைத்துப் பிள்ளைகளுக்கு விரிப்பாகவும் போர்வையாகவும் கொடுத்தார்கள். அவற்றுள் எத்தனை இன்று எஞ்சியுள்ளன? மன்னர்களின் பட்டாடைகள் கண்ணாடிப் பேழைக்குள் பத்திரமாக இருக்கின்றன. ஏழைகளின் துணியோ உடையாகி, ஒட்டாகி, கரித்துணியாகி, கடைசியில் அடுப்பங்கரையில் முடிந்துவிடுகிறது. எனவேதான் ஓர் ஏழைப் பெண் தைத்த துணி நூறாண்டு கடந்தும் தப்பிப் பிழைத்திருக்குமானால், வரலாற்றாசிரியர் அதை ஒரு கல்வெட்டைப்போல் படிக்க முற்படுகின்றனர். அப்படிப் படிக்கப்பட்ட, படித்தவர்களாலேயே பல காலம் தவறாகவும் படிக்கப்பட்ட, இரண்டு போர்வைகளின் கதையை இங்கே சொல்ல விழைகிறேன்.

அமெரிக்க நாட்டில் 'குயில்ட்' எனப்படுவது மூன்று அடுக்குகள் கொண்ட போர்வை. மேலே துண்டுத் துணிகளால் ஆன முகப்பு, நடுவே பஞ்சு, அடியில் சாதாரணத் துணி. மூன்றையும் ஊடுருவிச் செல்லும் தையல் அவற்றை ஒன்றாக்குகிறது. முகப்பை இருவகையாகச் செய்வர். சதுரங்களையும் முக்கோணங்களையும் ஓரத்தோடு ஓரம் இணைப்பது ஒரு முறை. ஒரு துணியின்மேல் வேறு துணியை மனித வடிவாகவோ பறவை வடிவாகவோ வெட்டி வைத்துத் தைப்பது மற்றொரு முறை. நம் கதைக்குரிய பெண்மணி கையாண்டது இந்த இரண்டாம் முறையை.

அவர் பெயர் ஹாரியட் பவர்ஸ். ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள ஜார்ஜியா மாநிலத்தில், ஏதென்ஸ் என்னும் நகரை ஒட்டிய பகுதியில், 1837 அக்டோபர் 29இல் அடிமையாகப் பிறந்தார். 'அடிமையாகப் பிறந்தார்' என்று இரண்டே சொற்களில் எழுதிவிடுகிறோம். பிறந்த கணத்திலேயே ஒரு குழந்தை மற்றொருவரின் உடைமைப் பட்டியலில், மாடுகளுக்கும் கலப்பைகளுக்கும் நடுவே, விலை மதிப்போடு எழுதப்பட்டது என்பதே அதன் பொருள். இதைச் சொல்லும்போது நம் திருச்சபையின் பங்கையும் மறைத்தல் ஆகாது. ஹாரியட் பிறந்ததற்கு அடுத்த ஆண்டில், 1838இல், மேரிலாந்து இயேசு சபையினர் தங்கள் பண்ணைகளில் இருந்த 272 அடிமைகளை விற்றனர். ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாக அவர்கள் லூசியானாவின் தோட்டங்களுக்கென விற்கப்பட்டனர். அந்தப் பணத்தின் ஒரு பகுதி ஜார்ஜ்டவுன் கல்லூரியின் கடனைத் தீர்க்கப் பயன்பட்டது. 2017இல்தான் அச்சபையினரும் அப்பல்கலைக்கழகமும் அம்மக்களின் வழித்தோன்றல்களிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டனர்.

ஹாரியட் அம்மையார் ஆர்ம்ஸ்டெட் பவர்ஸ் என்பவரை மணந்தார். ஒன்பது பிள்ளைகளையேனும் பெற்றார். 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போர் அடிமை முறையை ஒழித்தது. அப்போரின் அலை நம் கரையையும் தொட்டது. தென்மாநிலத் துறைமுகங்கள் முற்றுகையிடப்பட்டதால் இங்கிலாந்தின் ஆலைகள் பஞ்சின்றித் தவித்தன. திருநெல்வேலிச் சீமையின் பருத்திக்குத் திடீர் விலையேற்றம் வந்தது. தூத்துக்குடித் துறைமுகம் பரபரப்படைந்தது. ஹாரியட்டின் மக்கள் விடுதலைக்காகக் காத்திருந்த நாள்களில் நம் கரிசல் நிலத்து வணிகர்கள் பஞ்சுப் பொதிகளை எண்ணிக்கொண்டிருந்தனர். வரலாற்றில் ஒருவர் கண்ணீரும் மற்றொருவர் ஆதாயமும் ஒரே நூலில் கோக்கப்பட்டிருப்பது இது முதல்முறையன்று.

விடுதலைக்குப் பின் பவர்ஸ் குடும்பத்தார் பாடுபட்டு உழைத்து, 1880களில் நான்கு ஏக்கர் அளவில் ஒரு சிறு நிலத்திற்கு உரிமையாளர் ஆயினர். அக்காலத்தில்தான், 1886இல், ஏதென்ஸ் நகரில் நடந்த பருத்திக் கண்காட்சியில் ஹாரியட் அம்மையார் தாம் தைத்த போர்வை ஒன்றை வைத்தார். அந்நகரின் பெண்கள் கல்விக்கூடம் ஒன்றில் ஓவியம் கற்பித்துவந்த ஜென்னி ஸ்மித் என்னும் வெள்ளையின ஆசிரியை அதைக் கண்டு வியந்து நின்றார். அதுபோன்ற ஒன்றை அவர் அதுவரை கண்டதில்லை. தைத்தவரைத் தேடிச் சென்று விலைக்குக் கேட்டார். எந்த விலைக்கும் தருவதற்கில்லை என்று மறுத்துவிட்டார் ஹாரியட்.

ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் கழிந்தன. குடும்பத்திற்கு நெருக்கடி வந்தது. போர்வையைத் தர இசைவதாக ஹாரியட் செய்தி அனுப்பியபோது ஆசிரியையிடம் பணமில்லை. சில காலம் சென்றபின் அவரே சொல்லி அனுப்பினார். ஒருநாள் மாலை மாட்டுவண்டி ஒன்று அவர் வீட்டு வாயிலில் வந்து நின்றது. தூய கோணிப்பையில் பொதிந்த போர்வையை மடிமேல் வைத்தபடி ஹாரியட் அமர்ந்திருந்தார். பத்து டாலர் கேட்டார். ஐந்துதான் தர இயலும் என்றார் ஆசிரியை. ஹாரியட் வெளியே சென்று கணவரைக் கலந்தார். காலம் கடினமாயிருக்கிறது, கிடைப்பதை வாங்கிக்கொள் என்றார் அவர். போர்வை கைமாறியது.

கொடுக்கும் முன் ஒவ்வொரு கட்டத்தையும் காட்டி, இன்னது இன்னதென்று ஹாரியட் விளக்கினார், ஆசிரியை எழுதிக்கொண்டார். அதன் பின்னும் பலமுறை அவ்வீட்டுக்கு நடந்து வந்து, தம் கற்பனையில் பிறந்த அந்தப் பிள்ளையைப் பார்த்துச் சென்றார் என ஆசிரியை குறித்துள்ளார். தம்மிடம் சேரும் துண்டுத் துணிகளை எல்லாம் இனி அவருக்கே தருவதாகச் சொன்னபோது மட்டும் ஹாரியட் ஓரளவு ஆறுதல் அடைந்தாராம். விற்ற பொருளைப் பார்க்க வரும் தாயையும், துண்டுத் துணி தந்து தேற்றும் ஆசிரியையையும் எண்ணிப் பார்க்கிறேன். ஆசிரியை கெட்டவர் அல்லர். அவர் வாங்கி வைத்திராவிட்டால், குறிப்பெழுதியிராவிட்டால், இன்று நமக்கு அப்போர்வையும் இல்லை, அதன் பொருளும் இல்லை. ஆயினும் விலை ஐந்து டாலர்தான்.

அந்தப் போர்வையில் பதினொரு கட்டங்கள். ஆதாமும் ஏவாளும் பாம்பும் உள்ள தோட்டத்தில் தொடங்கி, காயின் ஆபேலைக் கொல்வது, யாக்கோபின் கனவு, ஆண்டவரின் திருமுழுக்கு, சிலுவைச் சாவு, யூதாசின் முப்பது வெள்ளிக்காசு, இறுதி இராவுணவு எனச் சென்று, திருக்குடும்பத்தில் அது நிறைவுறுகிறது. உருவங்களுக்கு முகக் குறிகள் இல்லை. கண்ணும் மூக்கும் தீட்டப்படவில்லை. வெட்டிய துணியின் வெளிக்கோடு மட்டுமே பேசுகிறது. கைகள் உயர்ந்திருந்தால் அச்சம் அல்லது வேண்டுதல், சாய்ந்திருந்தால் சாவு. திருமுழுக்குக் கட்டத்தில் தூய ஆவியார் புறாவாக இறங்குகிறார். சிலுவைக் கட்டத்தில் கறுப்பும் சிவப்புமான வட்டங்கள் உள்ளன. உலகை மூடிய இருளும் இரத்தமாக மாறிய நிலவும் அவை. இராவுணவில் சீடர் பன்னிருவர் இல்லை, எழுவரே உள்ளனர். இடம் போதவில்லை போலும்! அனைவரும் புள்ளியிட்ட வெண்துணியில் இருக்க, யூதாசு மட்டும் மங்கிய நிறத்தில் இருக்கிறான். அவனது வெள்ளிக்காசுகளோ பச்சை நிறக் 'காலிகோ'த் துணியில் வெட்டப்பட்டுள்ளன.

காலிகோ என்ற இச்சொல் நம்மை ஒரு கணம் நிறுத்துகிறது. அது கோழிக்கோட்டின் பெயர். கள்ளிக்கோட்டையிலிருந்து மேலைநாடுகளுக்குச் சென்ற பருத்தித் துணி ஊர்ப் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டது. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கடற்கரையின் பூ எழுதிய துணிகள் கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்குச் சென்றன. அவற்றிலுள்ள பூக்களையும் பறவைகளையும் கத்தரித்துப் போர்வையில் ஒட்டித் தைப்பது இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் செல்வ மகளிரின் பொழுதுபோக்காயிற்று. ஹாரியட் காலத்தில் அத்துணிகள் அமெரிக்க ஆலைகளிலேயே அச்சாயின. பெயர் மட்டும் நம்முடையதாய் நின்றது. கள்ளிக்கோட்டையின் பெயர் தாங்கிய துணியில் யூதாசின் கூலி தைக்கப்பட்டிருப்பதைத் தற்செயல் என்று விட்டுவிடலாம்தான். எனக்கோ விட மனமில்லை.

1895இல் அட்லாண்டாவில் பெரியதொரு பொருட்காட்சி நடைபெற்றபோது ஜென்னி ஸ்மித் இப்போர்வையை அங்கே காட்சிக்கு அனுப்பினார். 1895க்கும் 1898க்கும் இடையே ஹாரியட் இரண்டாவது போர்வையைத் தைத்தார். அது அட்லாண்டா பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய பெண்கள் வழியாக, அப்பல்கலைக்கழக ஆட்சிக்குழுவைச் சேர்ந்த சார்லஸ் கத்பர்ட் ஹால் என்னும் போதகருக்கு அன்பளிப்பாகச் சென்றது. பதினைந்து கட்டங்கள் கொண்ட இப்போர்வைதான் வரலாற்றாய்வாளருக்குப் பெரும் விருந்து. ஏனெனில் இதில் யோபு, யோனா, பாம்பை உயர்த்திய மோசே ஆகியோருக்கு நடுவே, விவிலியத்தில் இல்லாத நிகழ்ச்சிகளும் உள்ளன.

1780 மே 19இல் நண்பகலில் இருள் சூழ்ந்த நாள் ஒரு கட்டத்தில் உள்ளது. அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில் உண்மையிலேயே அன்று பகலில் விளக்கேற்ற வேண்டியிருந்தது. கோழிகள் கூட்டுக்குத் திரும்பின. கனடாவின் காட்டுத் தீயிலிருந்து வந்த புகையே காரணம் என்பதற்கு மர வளையங்களில் ஆய்வாளர் சான்று கண்டுள்ளனர். மற்றொரு கட்டத்தில் 1833 நவம்பர் 13இன் விண்கல் மழை. அன்றிரவு வானத்து விண்மீன்கள் எல்லாம் உதிர்ந்துவிட்டதாகவே தெற்கின் மக்கள் அஞ்சினர். பிறந்த நாள் எழுதிவைக்கப்படாத அடிமைகள் பலர், 'விண்மீன் விழுந்த ஆண்டில்' என்று தம் வயதைக் கணக்கிட்டனர். ஹாரியட் பிறந்தது 1837இல். இவ்விரண்டையும் அவர் கண்ணால் கண்டவர் அல்லர். திண்ணையிலும் வயல்வரப்பிலும் செவிவழி வந்ததை அவர் ஊசியால் எழுதினார். உதிரும் விண்மீன்களைத் தடுத்து நிறுத்தும் கடவுளின் கை ஒன்றையும் அருகில் தைத்துவைத்தார்.

இன்னொரு கட்டம் ஒரு கடுங்குளிரைப் பற்றியது. வேண்டிக்கொண்டிருந்த நிலையில் உறைந்துபோன பெண், மாவு மூட்டையோடு உறைந்தவன், மதுக்குடுவையோடு உறைந்தவன், மூச்சே பனிக்கட்டியாய்த் தொங்கும் கோவேறு கழுதை ஆகியோர் அதில் உள்ளனர். 1895 பிப்ரவரி 10, குளிர் வியாழக்கிழமை என்று அதற்கு விளக்கம் எழுதப்பட்டுள்ளது. நாட்காட்டியைக் கணக்கிட்டுப் பார்த்தால் அந்நாள் ஞாயிற்றுக்கிழமை! 7ஆம் நாள்தான் வியாழன். அந்த 7ஆம் நாளையொட்டியே தென்மாநிலங்களைக் கொடுங்குளிர் தாக்கி, புளோரிடாவின் ஆரஞ்சுத் தோட்டங்களை அடியோடு அழித்தது. ஆக, தேதி பிசகினாலும் கிழமை பிசகவில்லை. எளிய மக்களின் நினைவு இவ்வாறுதான் வேலை செய்கிறது. எண் மறந்துபோகும், கிழமை மறவாது. நம் கிராமத்துப் பெரியவர்கள் புயலடித்த நாளைச் சொல்லும் முறையும் இதுவே அன்றோ!

ஒரு பெண் பன்றியும் அப்போர்வையில் ஓடுகிறது. ஜார்ஜியாவிலிருந்து வர்ஜீனியாவுக்கு ஐந்நூறு மைல் ஓடிய, யாருக்கும் அடங்காத பன்றி என்று விளக்கம். அதற்குப் பெட்ஸ் என்று பெயரும் உண்டு. தெற்கிலிருந்து வடக்கு நோக்கி ஐந்நூறு மைல் ஓடியது உண்மையில் பன்றிதானா, விடுதலை தேடிய மனிதரா என்று ஆய்வாளர் சிலர் கேட்கின்றனர். ஹாரியட் அம்மையார் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. கடவுளைப் பற்றி எதுவும் கற்பிக்கப்படாத செல்வர் இருவர் முடிவில்லாத் தண்டனைக்குள்ளான கதைக்குப் பக்கத்தில் அந்தப் பன்றியை ஓடவிட்டிருக்கிறார்; அவ்வளவே.

மார்செய் நகர ஆயர் ஒருவர் திருவுருவங்களை உடைத்தபோது, ஏறக்குறைய 600ஆம் ஆண்டில், திருத்தந்தை பெரிய கிரகோரி அவருக்கு எழுதிய மடல்கள் நம்மில் பலருக்குத் தெரிந்திருக்கும். படிக்கத் தெரியாதவர் ஏட்டில் படிக்க இயலாததைச் சுவரில் படிக்கின்றனர் என்பது அவரது வாதம். அன்று முதல் ஓவியமும் சிற்பமும் கண்ணாடிச் சாளரமும் 'எழுதப் படிக்காதோரின் விவிலியம்' எனப் போற்றப்பட்டு வந்துள்ளன. ஹாரியட் போர்வையைப் பற்றி எழுதியோரும் பெரும்பாலும் இந்தக் கோணத்தையே மேற்கொண்டனர். எழுத்தறியாத அடிமைப் பெண் ஒருத்தி, கோவிலில் காதால் கேட்ட மறையுரைகளை மனத்தில் ஏந்தித் துணியில் தைத்தாள் என்பது நெடுங்காலம் ஐயமின்றிச் சொல்லப்பட்டது. முதன்முதலாக அப்போர்வையின் படத்தைப் பார்த்தபோது நானும் அப்படித்தான் எண்ணினேன். அந்த எண்ணத்தில் ஒருவித உருக்கமும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்த எண்ணம் தவறு என்பது 2009இல் வெளிப்பட்டது. கைரா ஹிக்ஸ் என்னும் ஆய்வாளர், ஹாரியட் 1896இல் அயோவா மாநிலத்துப் பெண்மணி ஒருவருக்கு எழுதிய மடலின் படியைக் கண்டறிந்து தம் நூலில் வெளியிட்டார். அட்லாண்டா பொருட்காட்சியில் போர்வையைக் கண்டவர் அப்பெண்மணி. மடலில் ஹாரியட் தம் வாழ்வைத் தாமே சொல்கிறார். பதினொரு வயதில் தாம் கற்கத் தொடங்கியதாகவும், வீட்டு வெள்ளைக் குழந்தைகள் பாப்லர் மரத்து இலையை வைத்து எழுத்துகளை ஒலிகளாகக் கற்பித்ததாகவும், பிறகு தாமே முயன்று படித்ததாகவும் அதில் உள்ளது. அடிமைகளுக்கு எழுத்துக் கற்பிப்பதை ஜார்ஜியாவில் 1829ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருந்தது. அப்படியாயின் அந்தக் குழந்தைகளின் விளையாட்டே ஒரு சட்டமீறல்! ஓலையில் எழுத்தறிந்த நம் முன்னோரின் நினைவு, அந்த இலையைப் பற்றிப் படித்தபோது எனக்கு வந்தது.

அதாவது, ஹாரியட் பவர்ஸ் விவிலியத்தைத் தாமே படித்தவர். கேட்டதைத் தைத்த பேதைப் பெண் அல்லர். நெடுங்காலமாக அறிஞர்கள் ஏன் மாறாக நினைத்தனர்? அவரைப் பற்றி நமக்குத் தெரிந்த யாவும் அவரிடம் வாங்கியவரின் குறிப்புகள் வழியாகவே வந்தன. அக்குறிப்புகளில் ஹாரியட்டின் பேச்சு கொச்சையாகவே எழுதப்பட்டிருந்தது. ஏழை, கறுப்பினத்தவர், பெண், முன்னாள் அடிமை என்ற நான்கையும் கூட்டினால் 'எழுத்தறியாதவர்' என்னும் விடை தானே வந்துவிடும் என்று படித்தவர்கள் எண்ணிவிட்டனர். ஆப்பிரிக்காவின் தகோமி நாட்டில் வெட்டுத்துணி உருவங்களைத் தைக்கும் மரபு உண்டு. ஹாரியட்டின் உருவங்கள் அவற்றை ஒத்திருக்கின்றன என்று சொல்லப்படுவதை மறுப்பதற்கில்லை. ஆனால் அவர் மடலில் முன்வைப்பது தம் படிப்பையும் தம் நம்பிக்கையையும்தான்.

ஏழைகளைக் குறைத்து மதிப்பிடுவது ஒரு பிழை. அவர்களுக்காக ஒரு கதையைக் கட்டிவிடுவது அதற்கு மறுபக்கப் பிழை. 1999இல் அமெரிக்காவில் ஒரு நூல் வெளியாயிற்று. தப்பியோடும் அடிமைகளுக்கு வழிகாட்ட, வேலிகளிலும் சாளரங்களிலும் போர்வைகளைத் தொங்கவிட்டனர் என்றும், வண்டிச் சக்கரம் போன்ற வடிவங்கள் ஒவ்வொன்றும் 'புறப்படு', 'மறைந்திரு' என இரகசியச் செய்தி சொல்லின என்றும் அது கூறியது. ஒரு குடும்பத்தில் வழங்கிய வாய்மொழிச் செய்தியே அதற்கு அடிப்படை. கதை மிக அழகியது. பள்ளிகளிலும் அருங்காட்சியகங்களிலும் காட்டுத்தீயாய்ப் பரவியது. ஆனால் தப்பிவந்தோர் எழுதிய தன்வரலாறுகளில் இது இல்லை. தப்பிவந்த நூற்றுக்கணக்கானோரை நேரில் விசாரித்துக் குறித்துவைத்து, 1872இல் பெருநூலாக வெளியிட்ட வில்லியம் ஸ்டில் இதைக் கூறவில்லை. 1936 முதல் 1938 வரை, உயிரோடிருந்த முன்னாள் அடிமைகள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் அரசு எடுத்த நேர்காணல்களிலும் இச்செய்தி இல்லை. நூலில் சொல்லப்பட்ட வடிவங்களுள் சில பிற்காலத்தில் தோன்றியவை என்றும் போர்வை வரலாறு அறிந்தோர் காட்டினர்.

இதைச் சொன்னவர்கள்மீது பலர் சினந்தனர். கறுப்பின மக்களின் பெருமையைக் குலைப்பதாகக் குற்றம் சாட்டினர். நம் திருச்சபையிலும் இத்தகைய சினம் எழுந்ததுண்டு. பதினேழாம் நூற்றாண்டில் பொல்லாந்தியர் எனப்பட்ட இயேசு சபைக் குருக்கள் புனிதர் வரலாறுகளைச் சலித்து எடுத்து, சான்றுள்ளதையும் சான்றில்லாததையும் பிரிக்கத் தொடங்கியபோது, அவர்களுடைய தொகுதிகளை ஸ்பெயின் நாட்டு விசாரணை மன்றம் 1695இல் கண்டித்தது. புனிதர்களுக்குப் பொய்க்கதை தேவையில்லை என்பதே அக்குருக்களின் நிலைப்பாடு. அடிமைப்பட்ட பெண்களுக்கும் தேவையில்லை என்பேன். குளிரில் பிள்ளைகள் விறைத்துவிடாதபடி, நாளெல்லாம் வயலில் உழைத்தபின் தீயின் ஒளியில் கண்விழித்துத் தைத்தனரே, அது போதாதா?

போதும் என்பதற்கு அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூரே சான்று. மூன்று புறமும் அலபாமா ஆறு சூழ, வெளியுலகிலிருந்து பிரிந்து கிடக்கும் ஊர் அது. அங்குள்ளோரில் பலருக்குப் பெட்வே என்றே குடும்பப் பெயர். அது அவர்களுடைய முன்னோரை உடைமையாக வைத்திருந்தவரின் பெயர். 1932இல் கடன் கொடுத்த வணிகர் இறந்தபின் அவருடைய குடும்பத்தார் வந்து, உழுபடையும் கால்நடையும் தானியமும் என அனைத்தையும் வாரிச் சென்றனர். செஞ்சிலுவைச் சங்கம் தந்த உணவினால் ஊர் பிழைத்தது. அவ்வூர்ப் பெண்கள் உழைப்புக்கான முரட்டுச் சட்டைகளையும் காற்சட்டைகளையும் கிழித்தே போர்வை தைத்தனர். 1942இல் மிசூரி பெட்வே என்பவர், கணவர் இறந்தபின் அவருடைய வேலைத் துணிகளைக் கொண்டு ஒரு போர்வை செய்தார். அவரை நினைத்திருக்கவும், அன்பின் பொருட்டு அதனடியில் படுத்துறங்கவுமே தாய் அதைத் தைத்ததாக மகள் பின்னாளில் கூறினார். முழங்கால் தேய்ந்த இடமும் வெயிலில் வெளுத்த நிறமும் அதில் அப்படியே தெரிகின்றன. ஒரு மனிதர் எங்கே மண்டியிட்டு, எவ்வளவு காலம் வெயிலில் நின்று உழைத்தார் என்பதை இதைவிடத் தெளிவாக எந்த ஆவணம் சொல்லும்?

இவ்வூரார் வாக்குரிமைக்குப் பதிவு செய்ய ஆற்றைக் கடந்து செல்லத் தொடங்கியபோது, 1962இல் படகுப் போக்குவரத்தை நிறுத்திவிட்டனர். 2006இல்தான் அது மீண்டது. இடைப்பட்ட காலத்தில், 1965ஆம் ஆண்டின் இறுதியில், பிரான்சிஸ் வால்டர் என்னும் எபிஸ்கோப்பல் சபைக் குரு அவ்வழியே சென்றபோது, துணிக்கொடியில் காய்ந்த போர்வைகளைக் கண்டு நின்றார். அடுத்த ஆண்டில் அப்பகுதிப் பெண்கள் அவர் துணையோடு கூட்டுறவு ஒன்றை அமைத்து, நியூயார்க்கில் தம் போர்வைகளை விற்றனர். 2002இல் அவ்வூர்ப் போர்வைகள் அதே நியூயார்க்கின் கலைக்கூடச் சுவர்களில் ஓவியங்களாகத் தொங்கின.

ஹாரியட் அம்மையாருக்கு அத்தகைய கூட்டுறவு எதுவும் வாய்க்கவில்லை. 1890களில் அக்குடும்பம் நிலத்தைப் பகுதி பகுதியாக இழந்தது. கணவர் பண்ணையை விட்டுச் சென்றார். அவர் தம் தையலால் பிழைத்தார். 1910 சனவரி முதல் நாள் இறந்தார். முதல் போர்வை 1969இல் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தையும், இரண்டாவது 1964இல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தையும் அடைந்தன. முதல் போர்வையின் படிகளைச் சீனத்தில் மலிவாகத் தைத்து விற்க ஸ்மித்சோனியன் இசைவு தந்தபோது, 1992இல் அமெரிக்கத் தையற்பெண்கள் திரண்டு எதிர்த்தனர். ஏதென்ஸ் நகரில் கறுப்பின மக்களின் கல்லறைத் தோட்டமொன்றில் புதர் மண்டிக் கிடந்த ஹாரியட்டின் கல்லறைக் கல் 2005இல்தான் கண்டெடுக்கப்பட்டது. 2021 அக்டோபரில் பாஸ்டன் அருங்காட்சியகம் இரண்டு போர்வைகளையும் முதன்முறையாக ஒரே அறையில் வைத்துக் காட்டியது.

அந்த 1896ஆம் ஆண்டு மடலில் இன்னும் ஒரு செய்தி உண்டு. 1882இல் தாம் மவுண்ட் சீயோன் பாப்டிஸ்ட் சபையில் சேர்ந்ததாகவும், அதன்பின் ஆண்டவரின் இராவுணவைப் போர்வையாக அமைத்ததாகவும் ஹாரியட் எழுதுகிறார். சாய்சதுரத் துண்டுகள் 2500 என்று எண்ணிக்கையும் தருகிறார். ஒவ்வொன்றையும் தம் கையால் வெட்டியவருக்குத்தான் அந்த எண் நினைவிலிருக்கும். நமக்குக் கிடைத்துள்ள இரண்டுக்கும் முந்தியது அது. ஆய்வாளர் தேடிவருகின்றனர், இன்னும் அகப்படவில்லை. ஜார்ஜியாவின் ஏதோ ஒரு வீட்டுப் பெட்டியில், இன்னதென்று அறியாதோர் கையில் மடிந்து கிடக்கலாம். அல்லது தைத்த நோக்கம் நிறைவேறி, குளிர் இரவுகளில் பிள்ளைகளைப் போர்த்தி, நைந்து, கிழிந்து, வேறொரு போர்வைக்கு ஒட்டாகப் போயிருக்கலாம்.